தலைப்புக்குத் தோரணம் கட்டாதீர்கள்

இது நீண்ட பதிவு. நேரம் இருப்பவர்கள் படியுங்கள். வேர்டில் நாலு பக்கத்துக்கு மேல் எதையாவது தட்டச்சு செய்து பிறருக்கு அனுப்பும் பழக்கம் உள்ளவர்கள் நேரம் இல்லாவிட்டாலும் படியுங்கள். உங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன், கொஞ்சம் கோபமாகவே.

பணி ஓய்வு பெற்றபின் என்னிடம் தானாக வந்து சேர்ந்த வேலை மெய்ப்புப் பார்ப்பது. "சார், நீங்க ஒரு பார்வை பார்த்துட்டா போதும்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். பள்ளி மலர், கோயில் திருப்பணி அறிக்கை, மகளிர் குழுவின் ஆண்டறிக்கை, இலக்கிய மன்ற மலர் என்று மாதம் இரண்டு மூன்று கோப்பாவது வரும். காசு வாங்குவதில்லை. எழுத்துப் பிழை பார்ப்பதில் எனக்குச் சலிப்பும் கிடையாது. ஒற்று மிகுமா மிகாதா என்று உட்கார்ந்து யோசிப்பது எனக்குச் சிலர் சீட்டாடுவது மாதிரி. என்னைச் சோர்வடைய வைப்பது பிழைகள் இல்லை. தலைப்புகள்.

கோப்பைத் திறந்தால் முதல் பக்கத்தில் தலைப்பு வானவில்லாக வளைந்து நிற்கிறது. ஏழு நிறம். பின்னால் ஒரு நிழல், நிழலுக்குப் பின்னால் ஒரு பளபளப்பு. இரண்டு பக்கமும் மூன்று மூன்று நட்சத்திரம். கீழே சமக்குறியை விரல் எடுக்காமல் அழுத்தி இழுத்த கோடு. பக்கத்தைச் சுற்றி ஆப்பிள் பழங்கள். ஏன் ஆப்பிள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பட்டியலில் முதலில் இருப்பது அதுதான், அவ்வளவே. விழுப்புரத்தில் விளையாத பழம் விழுப்புரம் மாவட்டத்து மலர்களில் எல்லாம் காய்த்துத் தொங்குகிறது.

அடுத்த கட்டுரையின் தலைப்பு வேறு எழுத்துரு, வேறு நிறம், வேறு நட்சத்திரம். மூன்றாவது ஒரு பெட்டிக்குள். நான்காவது தலைப்பு படமாக ஒட்டப்பட்டிருக்கிறது. எங்கோ போஸ்டர் அடிக்கச் செய்ததை அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள். நாற்பது கட்டுரைக்கு நாற்பது மாப்பிள்ளைக் கோலம்.

"அழகுதானே சார், இதுல என்ன தப்பு?" என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் எழுத்தின் பக்கமிருந்து வருகிறேன். நான் தமிழ் சொல்லிக்கொடுத்தவன், அங்கிருந்துதான் தொடங்க முடியும்.

ஆங்கில எழுத்தை வைத்துச் செய்த அலங்காரங்களைத் தமிழ் எழுத்தின்மேல் அப்படியே போட்டால் என்ன ஆகும் என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. தமிழில் ஒரு சின்னப் புள்ளிதான் ஓர் எழுத்தை உயிர்மெய்யா மெய்யா என்று சொல்கிறது. தொல்காப்பியர் காலத்திலேயே இலக்கணத்தில் இடம் பிடித்த புள்ளி அது. நீங்கள் நிழல் போட்டு, வெளிக்கோடு போட்டு, ஒளிவட்டம் போட்டு, பின்னணியில் கட்டம் போட்டால் முதலில் காணாமல் போவது அந்தப் புள்ளிதான். திரையில் தெரியும். அச்சில் பாதி தெரியும். அதை ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுத்தால் சுத்தமாகத் தெரியாது. 'மன்றம்' 'மனறம்' ஆகும். பரவாயில்லை என்பீர்கள். 'கல்வி' என்ற சொல்லில் புள்ளி போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நான் இங்கே எழுதமாட்டேன். அந்தச் சொல்லைப் பெரிய எழுத்தில் தலைப்பாகப் போட்டு, ஒளிவட்டம் கொடுத்து, பிரதி எடுத்துப் பெற்றோர் கூட்டத்தில் கொடுத்த கதையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி நல்லவேளை கண்ணாடி கொண்டு வரவில்லை.

அடுத்தது அடிக்கோடு. ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் என்ன வித்தியாசம்? கீழே இருக்கும் அந்தச் சின்னச் சாய்வு வால். அவ்வளவுதான். தடித்த எழுத்து, அதன்கீழே தடித்த அடிக்கோடு, போதாதென்று இரட்டைக்கோடு. வால் கோட்டுக்குள் மூழ்கிவிடும். 'அரசு' 'அாசு' ஆகிறது. 'வரவு செலவு' 'வாவு செலவு' ஆகிறது. உகரச் சுழிகளும் ழகரத்தின் கொக்கியும் அதே கோட்டில் அடிபட்டுத் துடிக்கின்றன.

ஓலைச்சுவடிக் காலத்தில் இப்படித்தான் இருந்தது. ஓலை கிழியும் என்று புள்ளி வைக்கமாட்டார்கள். ரகரமும் காலும் ஒன்றுபோல இருக்கும். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டையும் இடம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் ஒரு சொல்லைப் பிரித்துப் படிக்க நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் கொம்பைச் சுழித்துக் குறிலையும் நெடிலையும் பிரித்து வைத்தார். அச்சு வந்தது, புள்ளி நிலைத்தது. 1978இல் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்று ணா, றா, னா, லை, ளை எல்லாம் ஒரு சீருக்கு வந்தன. அப்போது பாடநூல் மாறியதையும் கரும்பலகையில் எழுதிய கைகள் மாறத் திணறியதையும் என் வயதுக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இத்தனை பேர் இத்தனை நூற்றாண்டு உழைத்துத் தெளிவாக்கிய எழுத்தை, ஒரு பொத்தானை அழுத்தி மறுபடியும் ஓலைக்கே அனுப்புகிறீர்கள். அதற்குப் பெயர் அழகா?

இன்னொரு பழக்கம் இருக்கிறது, அது இதைவிட மோசம். தலைப்பு நீளமாகத் தெரிய வேண்டும் என்று ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவில் ஸ்பேஸ் பாரைத் தட்டுவது. 'ந ன் றி யு ரை' என்று. கண்ணுக்கு அது நன்றியுரை. கணினிக்கு அது ஐந்து தனித்தனிச் சொற்கள். கோப்பில் 'நன்றியுரை' என்று தேடினால் கிடைக்காது. தட்டச்சுப் பொறியில் தலைப்பைப் பெரிதாக்க வேறு வழி இல்லை. இடைவெளி விட்டுத்தான் அடிக்க முடியும், இல்லாவிட்டால் அடிக்கோடு. அந்தப் பொறி மூலைக்குப் போய் எத்தனையோ வருடம் ஆயிற்று. அதன் ஊனம் மட்டும் நம் விரலில் உட்கார்ந்திருக்கிறது.

எழுத்துருக் குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே கட்டுரை ஒருங்குறியில் இருக்கும். தலைப்பு மட்டும் பாமினி வகையறாவில் இருக்கும், "அதுலதான் சார் டிசைன் நல்லா இருக்கு" என்பதால். அந்தப் பழைய எழுத்துருக்களில் 'தமிழ்' என்று தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி என்றுதான் கிடக்கும். எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் திறந்தால் அந்த ஆங்கில எழுத்துக் குப்பைதான் தலைப்பு. இந்தத் தொல்லை தீரட்டும் என்றுதான் 1999இல் சென்னையில் தமிழ்இணையம் 99 மாநாடு கூடி விசைப்பலகையையும் குறியீட்டையும் தரப்படுத்தப் பார்த்தார்கள். 2010இல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி ஒருங்குறியையும் அதனோடு டேஸ் 16 என்ற குறியீட்டையும் தரமாக ஏற்றுத் தமிழக அரசு ஆணையே போட்டது. தமிழ் இணையக் கல்விக்கழகம் மருதம் முதலான ஒருங்குறி எழுத்துருக்களை இலவசமாகவே கொடுக்கிறது. இதற்குமேல் ஒருவர் வீட்டுக்கு வந்து கையைப் பிடித்தா எழுதச் சொல்ல முடியும்?

சரி, இதெல்லாம் கிழவர் புலம்பல் என்று ஒதுக்கிவிடலாம். இனி சொல்லப்போவதை ஒதுக்க முடியாது.

என்னிடம் தொடக்கப்பள்ளியில் படித்த ஒரு மாணவர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். இன்று நல்ல வேலையில் இருக்கிறார். பெயரும் ஊரும் சொல்லவில்லை, அவருக்கு விளம்பரம் பிடிக்காது. ஒரு பள்ளி மலருக்கு அவரிடமும் ஒரு கட்டுரை கேட்டு வாங்கினார்கள். அழகாக எழுதிக் கொடுத்தார். மலர் முடிந்ததும், "உங்க கட்டுரை சரியா வந்திருக்கான்னு பாருங்க" என்று முழுக் கோப்பையும் அவருக்கு அனுப்பிவிட்டார்கள். இரவு எனக்குப் போன்.

"சார், எனக்கு ஒரு கோப்பு வந்திருக்கு. நாற்பத்தெட்டுப் பக்கம்னு சொல்லுது. ஒரு தலைப்புகூட இல்ல சார். என் கட்டுரை எங்க இருக்குன்னு தெரியல."

"தலைப்பு எல்லாம் இருக்கேப்பா, கண்ணைப் பறிக்கிற மாதிரி…"

சொல்லி முடிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. கண்ணைப் பறிக்கிற தலைப்பு கண் உள்ளவர்களுக்கு மட்டும்தான்.

அவர்கள் கணினியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று நம்மில் பலருக்குத் தெரியாது. திரையில் இருப்பதைக் குரலாக வாசிக்கும் மென்பொருள் உண்டு. என்விடிஏ என்பது அதில் இலவசமானது. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கினார், ஜேம்ஸ் தே அவரோடு சேர்ந்தார். இருவருமே பார்வையற்றவர்கள். இன்று உலகம் முழுக்கப் பார்வையற்றவர்கள் கையில் அது இருக்கிறது, தமிழும் வாசிக்கும். அதில் எச் என்ற விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குப் போகும். ஒன்று என்ற எண்ணைத் தட்டினால் அடுத்த பெரிய தலைப்பு, இரண்டு என்றால் அடுத்த உட்தலைப்பு. நாம் புத்தகத்தைப் புரட்டிக் கண்ணால் மேய்கிறோமே, அதை அவர்கள் அந்த ஒற்றை விசையால் செய்கிறார்கள். ஆனால் அந்த வரி தலைப்பு என்று கோப்புக்குள் சொல்லப்பட்டிருந்தால்தான் அந்த விசை வேலை செய்யும். பெரிதாகவும் சிவப்பாகவும் இருக்கிறது என்பதற்காக அது தலைப்பு ஆகிவிடாது. மென்பொருளுக்கு அது கொஞ்சம் குண்டான இன்னொரு வரி, அவ்வளவுதான்.

வேர்ட்ஆர்ட் என்றால் அது வரியாகக்கூட இல்லை. பக்கத்தின்மேல் மிதக்கும் ஒரு பெட்டி. படமாக ஒட்டியிருந்தால் 'கிராஃபிக்' என்று ஒரு சொல் கேட்கும், அல்லது ஒன்றுமே கேட்காது. நீங்கள் ஆசை ஆசையாக வைத்த நட்சத்திரம் இருக்கிறதே, அதை ஸ்டார் என்றோ எத்தனை ஸ்டார் என்றோ சொல்லும். சமக்குறிக் கோடு 'ஈக்குவல்ஸ்'. இதற்கு நடுவே எழுத்தெழுத்தாகப் பிரித்து அடித்த நன்றியுரை வேறு. பாமினியில் இருந்த தலைப்புக்கு ஆங்கில எழுத்துகளை உச்சரிக்க முயன்று ஏதோ ஒரு சத்தம்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? கீழ்நோக்கும் அம்புக்குறியைத் தட்டித் தட்டி, வரி வரியாக, நாற்பத்தெட்டுப் பக்கத்தையும் கேட்டுக்கொண்டே போய் முப்பத்தொன்றாம் பக்கத்தில் தன் கட்டுரையைக் கண்டுபிடித்தார். ஒரு மாலை முழுக்கப் போயிற்று. அதைக்கூட அவர் குறையாகச் சொல்லவில்லை. "பரவால்ல சார், எல்லாருடைய கட்டுரையையும் படிச்ச மாதிரி ஆச்சு" என்றார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. மலரில் அவருக்கு ஒரு பக்கம் கொடுத்தோம் என்று மேடையில் பெருமை பேசியவர்களே, அந்தப் பக்கத்துக்கு அவர் போக வழி வைத்தீர்களா?

மலர்க் குழுவில் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அவருக்கு யாராவது படிச்சுக் காட்டலாமே சார்" என்றார். இதுதான் என் கோபத்தின் ஊற்று. படித்துக் காட்ட ஆள் தேவைப்படாத காலத்தில் ஆள் தேவைப்படும்படி செய்துவிட்டு, அதைக் கருணையாக வேறு பேசுவது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவலை அவர்கள் அணுகக்கூடிய வடிவில் தருவதைப் பற்றிச் சொல்கிறது. அரசுக்குத்தானே, நமக்கென்ன என்று கேட்காதீர்கள். அரசு என்பது யார்? சுற்றறிக்கையை வேர்டில் தட்டச்சு செய்யும் நீங்களும் நானும்தான்.

இதை எழுதுகிறவன் திருவாமாத்தூர்க்காரன் என்பதால் இன்னொன்று சொல்லியாக வேண்டும். விழுப்புரத்துக்குப் பக்கத்தில் பம்பையாற்றங்கரையில் இருக்கும் எங்கள் அபிராமேசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் நிறைய. அதில் ஒன்று, கோயிலில் திருப்பதியம் பாடப் பார்வையற்றவர்கள் 16 பேரை நியமித்து அவர்களுக்கு வாழ்வு ஏற்படுத்தியதைச் சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. அவர்களுக்குக் கண் காட்டுவார் என்று 2 பேரையும் சேர்த்து நியமித்திருக்கிறது. கண் காட்டுவார்! என்ன அருமையான சொல். பாடுகிறவர் பாடுவார், வழி மட்டும் இவர்கள் காட்டுவார்கள். பாட்டை இவர்கள் பாடிவிடமாட்டார்கள். "யாராவது படிச்சுக் காட்டலாமே" என்ற நண்பர் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

இதே ஊரைக் கலம்பகமாகப் பாடியவர்கள் இரட்டைப்புலவர்கள். ஒருவருக்குக் கண் இல்லை, ஒருவருக்குக் கால் இல்லை. கண் இல்லாதவர் தோளில் கால் இல்லாதவர் ஏறிக்கொண்டு வழி சொல்ல, ஊர் ஊராகப் போய்ப் பாடினார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஆளுக்குப் பாதியாகப் பாட்டு. தோளில் இருந்தவர் 'இடப்பக்கம் திரும்பு' என்று சொல்வதற்குப் பதில் தலையில் பூச்சூடிக் கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் இரண்டு பேரும் பம்பையாற்றில் விழுந்திருப்பார்கள். நம் மலர்களின் தலைப்புகள் அப்படித்தான் உட்கார்ந்திருக்கின்றன.

இதைச் சரிசெய்ய என்ன படிப்பு வேண்டும்? ஒன்றும் வேண்டாம். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் படித்து, ஐம்பது வயதுக்குமேல் கணினியைத் தொட்ட நானே செய்கிறேன்.

வேர்டில் ஹோம் பட்டையில் ஸ்டைல்ஸ் என்று ஒரு பெட்டி இருக்கிறது. தலைப்பு வரியில் கர்சரை வைத்து அதில் 'ஹெட்டிங் 1' என்பதை அழுத்துங்கள். கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு 1ஐத் தட்டினாலும் அதேதான். உட்தலைப்புக்கு 2. முடிந்தது. லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே ஏற்பாடு உண்டு, அது இலவசமும்கூட.

"அது நீல நிறத்துல ஒல்லியா வருது சார், நல்லாவே இல்ல." தெரியும். எல்லோரும் அங்கேதான் கைவிடுகிறீர்கள். ஹெட்டிங் 1 மேல் மவுசின் வலப் பொத்தானை அழுத்தி 'மாடிஃபை' என்பதைத் திறவுங்கள். நிறம், அளவு, நடுவில் நிற்பதா ஓரத்தில் நிற்பதா எல்லாம் அங்கே மாற்றலாம். கீழே 'ஃபார்மட்' என்ற பொத்தானுக்குள் 'பார்டர்' இருக்கிறது. உங்களுக்குத் தலைப்பின்கீழ் கோடு வேண்டுமா? எழுத்தைத் தொடாமல் சற்றுத் தள்ளி, மாந்தளிர் நிறத்தில் இரட்டைக்கோடாகவே போட்டுக்கொள்ளுங்கள். பின்னணியில் மெல்லிய நிறம் வேண்டுமா? அதற்கும் அங்கேயே இடம் இருக்கிறது. தலைப்புக்கு முன்னால் ஒரு தாமரை மொட்டு வேண்டுமா? 'நம்பரிங்' வழியாக ஒரு குறியாக வையுங்கள். அது பாணியின் பகுதியாக இருக்கும், தலைப்பின் எழுத்துகளோடு கலக்காது. அலங்காரமே கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? அலங்காரத்தைப் பாணிக்குள் வையுங்கள் என்கிறேன்.

ஒரு நுணுக்கம், இது தெரியாமல்தான் பலர் "தமிழுக்கு ஹெட்டிங் வேலை செய்யாது" என்று முடிவுகட்டிவிட்டார்கள். வேர்ட் தமிழைச் 'சிக்கலான எழுத்துமுறை' என்ற வகையில் வைத்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு அளவு, தமிழுக்குத் தனியே ஒரு அளவு. மாடிஃபை பெட்டியில் ஃபார்மட், ஃபாண்ட் என்று போனால் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்று தனியே ஒரு பகுதி தெரியும். தமிழ் எழுத்துருவையும் அளவையும் தடிப்பையும் அங்கே சொல்ல வேண்டும். மேலே உள்ளதை மட்டும் மாற்றிவிட்டு எழுத்து அசையவில்லையே என்று கோபித்துக்கொண்டு வேர்ட்ஆர்ட்டுக்கு ஓடுகிறார்கள்.

இப்படி ஒரு முறை செய்தால் என்ன கிடைக்கும்? நாற்பது தலைப்பும் ஒரே முகத்தோடு இருக்கும். தலைவர் கடைசி நேரத்தில் "பச்சை வேணாம், காவி வேணாம், நீலம் போடுங்க" என்று சொன்னால் (சொல்வார்) ஒரே இடத்தில் மாற்றினால் நாற்பதும் மாறும். பொருளடக்கம் தானே உருவாகும். இது சின்ன விஷயமா? மலர் அச்சுக்குப் போகும் முந்தைய இரவு யாரோ ஒரு பிரமுகரின் வாழ்த்துச் செய்தி வந்து சேரும். நடுவில் ஒரு பக்கம் நுழைக்க வேண்டும். உடனே பொருளடக்கத்தில் பதினெட்டு எண்ணும் தவறு. கையால் ஒவ்வொன்றாகத் திருத்தி, இரண்டை விட்டுவிட்டு, அச்சானபின் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஹெட்டிங் போட்டிருந்தால் 'அப்டேட்' என்று ஒரு தட்டு. பிடிஎஃப் ஆக்கும்போது தலைப்புகளைப் புக்மார்க்காகவும் சேர்க்கச் சொல்லலாம். கைப்பேசியில் படிப்பவர் விரல் தேய்க்காமல் வேண்டிய இடத்துக்குப் போவார். பார்வை உள்ளவருக்கும் இது கண் காட்டுவார்தான்.

வேர்ட்ஆர்ட் பெட்டிக்குள் இருக்கும் தலைப்போ வழிகாட்டும் பலகத்தில், அதாவது நேவிகேஷன் பேனில், வராது. அட்டவணைக் கட்டத்துக்குள் தலைப்பைப் பூட்டி வைப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

யார் மேல் குற்றம்? டி.டி.பி. சென்டரில் உட்கார்ந்திருக்கும் தம்பியை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அப்படி. கணினிப் பயிற்சி என்று ஊருக்கு ஊர் நடக்கும் வகுப்புகளில் வேர்ட் பாடத்தில் முதல் வாரமே வேர்ட்ஆர்ட் வந்துவிடும், ஏனென்றால் பிள்ளை வீட்டில் காட்டினால் அம்மா அப்பா மகிழ்வார்கள். ஸ்டைல்ஸ் என்ற பாடம் வருவதே இல்லை. அதைக் காட்டி யாரையும் மகிழ்விக்க முடியாதல்லவா.

பெரிய குற்றவாளி பள்ளிக்கூடம். ப்ராஜெக்ட் என்ற பெயரில் நாம் பிள்ளைகளிடம் கேட்பது என்ன? ஓரத்தில் ஜிகினா, தலைப்புக்கு மூன்று ஸ்கெட்ச் பேனா, உள்ளே இணையத்தில் எடுத்து ஒட்டிய இரண்டு பத்தி. மதிப்பெண் ஜிகினாவுக்கு. ஆசிரியர் பயிற்சி மாணவர்களின் பதிவேடுகளிலும் இதுதான் நிலைமை. பாடக்குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று புரட்டிப் பார்ப்பதற்கு முன் அட்டையும் ஓரக்கோலமும் முடிவு செய்துவிடுகின்றன. நான் பணியில் இருந்த காலமெல்லாம் இதற்காகச் சண்டை போட்டவன். "இவருக்கு ரசனையே கிடையாது" என்று ஓய்வறையில் பேசுவார்கள், என் காதில் விழும்படியே.

எனக்கு ரசனை உண்டு. பயிற்சிக் காலத்தில் எங்களுக்குக் கரும்பலகையில் எழுதத் தனிப் பயிற்சியே கொடுத்தார்கள். தலைப்பு பலகையின் நடுவில் மேலே; கடைசி வரிசைப் பிள்ளைக்குத் தெரியும் அளவில்; கீழே ஒரே ஒரு கோடு, எழுத்தைத் தொடாமல். வண்ணச் சுண்ணக்கட்டி இருந்தால் அது சொல்லில் பிள்ளை கவனிக்க வேண்டிய எழுத்துக்கு மட்டும். அந்தப் பலகையைப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நினைத்து வந்த அழகு அது.

நம் முன்னோரும் தலைப்பில் அலங்காரம் செய்யாதவர்கள் இல்லை. எழுதத் தொடங்கும்போது பிள்ளையார் சுழி. கல்வெட்டு ஸ்வஸ்திஸ்ரீ என்று தொடங்கும், பிறகு அரசனின் மெய்க்கீர்த்தி, அதன்பிறகு ஆட்சியாண்டு, பிறகு விஷயம். எந்த ஊர்க் கல்வெட்டை எடுத்தாலும் ஏறத்தாழ இந்த வரிசைதான். அதனால்தான் படிக்கத் தெரிந்தவர் எது எங்கே வரும் என்று அறிந்து படிக்க முடிகிறது. மெய்க்கீர்த்தியின் தொடக்கச் சொற்களை வைத்தே எந்த அரசன் என்று சொல்லிவிடுகிறார்கள். ஆடம்பரமான அந்த முகப்புகூட ஓர் அடையாளமாக வேலை செய்திருக்கிறது. நாற்பது கல்வெட்டுக்கு நாற்பது விதமாக யாரும் தொடங்கவில்லை.

கல்யாணப் பத்திரிகையில் வேண்டிய மட்டும் செய்துகொள்ளுங்கள். பிறந்தநாள் பேனர், கபடிப் போட்டி நோட்டீஸ், கடைத் திறப்பு விழா அழைப்பு எல்லாம் ஒரு பக்கச் சமாச்சாரம். அங்கே தலைப்பைத் தேடிப் போக வேண்டியதில்லை. வானவில் வளையட்டும், ஆப்பிள் காய்க்கட்டும், நான் வாய் திறக்கமாட்டேன். (புள்ளி மட்டும் தெரியட்டும்.) ஆனால் அறிக்கை, மலர், சுற்றறிக்கை, பாடக்குறிப்பு, வினாத்தாள் இவையெல்லாம் நாளைக்கும் யாரோ ஒருவர் தேடிப் படிக்கப்போகிறவை. அவற்றுக்கும் பேனருக்கும் ஒரே சட்டம் கிடையாது.

இனி என்னிடம் மெய்ப்புக்கு வரும் கோப்புகளுக்கு ஒரு நிபந்தனை. திறந்தவுடன் நேவிகேஷன் பேனைப் பார்ப்பேன். தலைப்புகள் அங்கே வரிசையாகத் தெரிந்தால் அன்றே வேலையைத் தொடங்குவேன். வெறுமையாக இருந்தால் ஒரு வரிகூடப் படிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன், யார் சொல்லி அனுப்பியிருந்தாலும். எப்படிச் செய்வது என்று தெரியாதவர்கள் ஞாயிறு மாலை நாலு மணிக்குமேல் வீட்டுக்கு வாருங்கள், மடிக்கணினியையும் கையோடு கொண்டு வாருங்கள். ஒரு மலருக்கு நாற்பது தலைப்பு என்றால் முக்கால் மணி நேர வேலை, காபி குடிக்கும் நேரத்தையும் சேர்த்து.